மூன்றில் ஒரு பங்கு மண்ணெண்ணெய்

யாராவது என்னிடம் கார் பற்றிக் கேட்டால் இப்போது நான் வாயைத் திறப்பதில்லை. ஒரு காலத்தில் கேட்காமலே திறந்தவன். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் முப்பத்தைந்து வருடம் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு வகுப்பறைதான் இல்லாமல் போகிறது, வாய் அப்படியே இருக்கிறது. கனடாவில் இருக்கும் மகளின் உதவியோடு நாங்கள் ஒரு பழைய ஜப்பான் ஹைபிரிட் காரை வாங்கியபோது எனக்குத் திரும்பவும் ஒரு பாடம் கிடைத்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் தேவாலய வாசலில் நின்று கதைக்கும் நேரத்தில், யாராவது அந்தக் காரின் பக்கம் தலையைத் திருப்பினால் போதும், பிடித்துக்கொள்வேன்.

"ஒரு வீட்டிலை ரெண்டு பேர் உழைக்கிற மாதிரி" என்று தொடங்குவேன். ஒருவர் பெற்றோலில் ஓடும் எஞ்சின், மற்றவர் பற்றரியில் ஓடும் மோட்டார். புறப்படும்போதும் ஊர்ந்து போகும்போதும் மோட்டார் இழுக்கும். வேகம் வேண்டுமென்றால் எஞ்சின் எழும்பி வரும். சந்தியில் நின்றால் எஞ்சினும் தானாக நின்றுவிடும். பெற்றோல் தாங்கி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதற்குள்ளேயே பெற்றோலைத் தள்ளுகிற ஒரு பம்பி மூழ்கிக் கிடக்கும். அதைச் சூடாகாமல் காப்பதும் அந்தப் பெற்றோல்தான். பம்பி தள்ளுகிற பெற்றோல் மெல்லிய குழாயால் முன்னுக்கு வந்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளால் எஞ்சினுக்குள் விசிறப்படும். எத்தனை துளி, எந்தக் கணம் என்று தீர்மானிப்பது ஒரு கணினி. தாங்கிக்குள் எழும் ஆவியைக்கூட வெளியே விடமாட்டார்கள். கரி நிரப்பிய ஒரு பெட்டியில் பிடித்துவைத்து, எஞ்சின் ஓடும்போது அதையும் எரித்துவிடுவார்கள்.

"எஞ்சின் ஒரு பயணத்திலை அம்பது தரம் நிக்கும், அம்பது தரம் எழும்பும். ஒவ்வொருமுறையும் கண் வெட்டுற நேரத்துக்கிடையிலை பத்தவேணும். முழு வித்தையும் அதிலைதான் கிடக்கு" என்று முடிப்பேன். இதை நான் சொன்னேன். என் வாயாலேயே, பல ஞாயிற்றுக்கிழமைகள், பலருக்கும் சொன்னேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை என்பதற்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஓர் ஓட்டோக்காரர் வாடகைக்கு இருந்தார். அந்த நாட்களில் நான் அவரை 'அவன்' என்றுதான் சொல்வேன், ஒழுங்கை முழுவதும் அப்படித்தான் சொன்னது. மயிலிட்டிக் கடற்கரையிலிருந்து போரில் இடம்பெயர்ந்து வந்த குடும்பம். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டதும் அவருடைய அண்ணன் திரும்பிப் போய்க் கடலில் இறங்கிவிட்டார். இவர் போகவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேரைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவதுதான் அவருக்கு நிரந்தர உழைப்பு. ஓட்டோவின் பின்பக்கம் நீல நிறத்தில் ஒரு சின்னப் படகு வரைந்திருந்தார். அந்த ஏழு பிள்ளைகளில் எவரும் ஒருநாளும் முதல் மணிக்குப் பிந்தியதில்லை. பெற்றோர் அவரை நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் தவிர அவருக்கு இந்த ஊரில் வேறு சொத்து இல்லை.

2022இல் நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது எல்லோருக்கும் தெரியும். வரிசையில் வாகனத்தை விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, திரும்பிப் போய் அதே இடத்தில் நின்ற காலம். பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. என் கார் முற்றத்தில் தூசி பிடித்து நின்றது. அந்த நேரம் பார்த்து, சாவகச்சேரியில் என் மனைவியின் தமக்கை மகளுக்குத் திருமணம். என் மனைவி ஓய்வு பெற்ற சங்கீத ஆசிரியை. அந்தப் பிள்ளையின் திருமணத்தில் தேவாலயத்து ஓகன் வாசிப்பதாக அவள் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. மணப்பெண்ணை வீட்டிலிருந்து தேவாலயத்துக்கு என் காரில்தான் கொண்டுவருவேன், சத்தமே இல்லாமல் வந்து இறங்கலாம் என்று தொலைபேசியில் அளந்துவிட்டேன். தாங்கியில் பெற்றோல் அடித்தட்டில் நின்றது.

இதை ஒழுங்கையில் யாருக்கோ சொல்லிக் கவலைப்பட்டிருப்பேன். திருமணத்துக்கு முதல்நாள் பின்னேரம் ஓட்டோக்காரர் ஒரு பிளாஸ்டிக் கலனோடு வந்தார்.

"சேர், உது நாலு போத்தல் வரும். ரீச்சரைக் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அப்ப உமக்கு?"

"பள்ளிக்கூடம் இல்லைத்தானே சேர். நான் சமாளிப்பன். கலன் அண்ணையின்ரை, படகுக்குப் பாவிச்சது. மனிசி சவுக்காரம் போட்டுக் கழுவி, வெயிலிலை காயவைச்சுத்தான் தந்தவ. பயப்பிடாதேங்கோ."

அந்த நாலு போத்தலுக்காக அவர் இரண்டு நாள் வரிசையில் நின்றவர். நான் நன்றி சொன்னேன். சொன்ன கையோடு மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கினேன். போகவர அறுபது கிலோமீற்றருக்கு மேல். மணப்பெண்ணை ஏற்றி இறக்க இன்னும் கொஞ்சம். நாலு போத்தல், அதாவது மூன்று லீற்றர், மட்டுமட்டு. பெண்ணோடு நடுவழியில் நின்றால் மானம் போய்விடும் என்று பயந்தேன். மானம் எப்படிப் போகும் என்று எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பண்டகசாலையில் எப்போதும் ஒரு கலன் மண்ணெண்ணெய் இருக்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எந்த யாழ்ப்பாணத்தானும் மண்ணெண்ணெய் இல்லாத வீட்டில் நிம்மதியாகத் தூங்கமாட்டான். அந்த வருடங்களில் பெற்றோல் மருந்து மாதிரிச் சின்னப் போத்தலில்தான் கிடைத்தது. மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்புவோம், எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிறகு நிறுத்தவே மாட்டோம். கடைக்குள் போனால் வாசலில் யாரையாவது பிடித்து, "அணைய விடாதேங்கோ" என்று கைப்பிடியை முறுக்கிக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டுப் போவோம். வீதி முழுக்க வெள்ளைப் புகை, கண் எரியும். அந்த வித்தையில் நான் பெரிய ஆள். எத்தனைக்கு எத்தனை கலந்தால் இருமாமல் ஓடும் என்று ஊரில் என்னைத்தான் வந்து கேட்பார்கள்.

அன்று அந்தப் பழைய பெரிய ஆள் எழும்பி வந்தான். என் தர்க்கம் இப்படிப் போனது: மண்ணெண்ணெயில் கஷ்டம் கிளப்புவதில்தான். இந்தக் காரில் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புவது சாதாரணச் சின்ன மோட்டார் அல்ல, பற்றரியோடு இருக்கும் பெரிய மோட்டார். ஆகவே கிளம்பும். நாலு போத்தல் பெற்றோலுக்கு இரண்டு போத்தல் மண்ணெண்ணெய், மூன்றில் ஒரு பங்கு, தாங்கும். மனைவி உள்ளே சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் புனல் வைத்து ஊற்றினேன். ஊற்றி முடித்து மூடியைத் திருகியபோது ஒருவகைப் பெருமையாகக்கூட இருந்தது. கையைச் சவுக்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினேன். மணக்கக்கூடாது என்று நினைத்துத்தான் கழுவினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிழையென்று மனதில் ஒரு மூலைக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தநாள் காலை யாழ்ப்பாண நகரம் வரை கார் முனகிக்கொண்டு ஓடியது. எஞ்சின் எழும்பும்போதெல்லாம் 'டொக் டொக்' என்று தட்டியது. "என்ன சத்தம்?" என்றாள் மனைவி. "கனநாள் நிண்டதாலை" என்றேன். நகரில் மணப்பெண்ணுக்குப் பூச்செண்டு வாங்க அரை மணித்தியாலம் நின்றோம். அந்த அரை மணித்தியாலத்தில் எஞ்சின் ஆறிவிட்டது. திரும்ப ஏறிப் புறப்பட்டபோது மோட்டார் வழக்கம்போல அழகாக இழுத்தது. அரியாலை தாண்டும்போது எஞ்சின் எழும்பப் பார்த்தது, கார் முழுவதும் குலுங்கியது, எழும்பவில்லை. திரும்பவும் பார்த்தது. பின்னுக்கு வெள்ளைப் புகை போனது. ஆனால் கார் நிற்கவில்லை. பற்றரி தன்னிடம் இருந்ததைக் கொடுத்து இழுத்துக்கொண்டே போனது. அதுதான் இந்தக் காரில் மோசம். எஞ்சின் செத்துப்போனதைக் கொஞ்சத் தூரத்துக்குக் காட்டிக்கொடுக்காது. முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், இரண்டு பக்கமும் வெயிலில் மின்னும் களப்பு நீருக்கு நடுவில், எல்லாம் ஓய்ந்து நின்றது.

சைக்கிளில் போன ஒரு கிழவர் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். "ஆரோ மண்ணெண்ணெயிலை ஓடுறாங்கள். அந்தக் காலம் திரும்பி வந்திட்டுது" என்று எங்களுக்குக் கேட்கவே சொல்லிக்கொண்டு போனார்.

மனைவி கண்ணாடியை இறக்கினாள். அவளும் அந்த வருடங்களைக் கடந்தவள்தானே, அந்த மணம் அவளுக்குத் தெரியும். பட்டுச்சேலை, மடியில் பூச்செண்டு, முகமெல்லாம் வியர்வை. "என்னப்பா, மண்ணெண்ணெய் மணக்குது?" என்றாள்.

நான் சொல்லியிருக்கலாம். பேசுவாள், இரண்டு நாள் கதைக்கமாட்டாள், அவ்வளவுதான். முப்பத்திநாலு வருடக் குடித்தனத்தில் நான் அவளிடம் வாங்காத பேச்சா. ஆனால் காரைப் பற்றி அவளுக்கும் தேவாலயத்துக்கும் ஊருக்கும் பாடம் நடத்தியவன் நான். அந்தப் பாடமே என் தொண்டையில் குறுக்கே நின்றது. "உவன் தந்த பெற்றோல்..." என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மிச்சத்தை அவள் சொன்னாள். "கடற்காரன்ரை வீட்டுக் கலன் எல்லோ! படகுக்கு அடிக்கிற மண்ணெண்ணெய் அவங்களிட்டைத் தண்ணி மாதிரிக் கிடக்கும். பெற்றோலை ஆருக்கோ கள்ளமா வித்துப்போட்டு, குறைஞ்சதுக்கு மண்ணெண்ணெயை விட்டு நிரப்பித் தந்திருக்கிறான்." எவ்வளவு இலகுவாகப் பொருந்திவிட்டது! அவரைப் பற்றி அப்படி நினைக்க எங்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடம் கட்டி, பேராயரை வரவழைத்து, எல்லாரும் கர்த்தருக்கு முன் சமம் என்று நாலு தலைமுறையாகப் பாடிவந்த குடும்பங்கள் எங்களுடையவை.

ஒரு பேருந்தின் படியில் தொங்காத குறையாக ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, மணப்பெண்ணை வேறு வாகனத்தில் கொண்டுவந்து, கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள், ஓகன் இல்லாமல். மனைவி தேவாலயத்தின் பின்வரிசையில் நின்று அழுதாள். ஏன் பிந்தினீர்கள் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அவள் காரணம் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தநாள் காரை லொறியில் ஏற்றிச் சாவகச்சேரியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் தாங்கியைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"சேர், உது கழுவாத கலனாலை வந்த துளி இல்லை. மூண்டிலை ஒரு பங்கு மண்ணெண்ணெய். ஆரோ வேணுமெண்டு விட்டிருக்கினம். அந்தக் காலத்துக் கார் நிப்பாட்டாமல் ஓடினபடியால் சமாளிச்சுது. உது நிண்டு நிண்டு எழும்புறது. ஆறின எஞ்சினிலை மண்ணெண்ணெய் பத்துமோ சொல்லுங்கோ?"

நிறுத்தாமல் ஓடினால்தான் மண்ணெண்ணெய் எரியும். நின்று நின்று ஓடுவதுதான் ஹைபிரிட். இந்த இரண்டு வசனத்தையும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கும். நான் முதலாவதைப் பத்து வருடம் வாழ்ந்தேன், இரண்டாவதைப் பிரசங்கம் செய்தேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பம்பி, விசிறும் துளைகள், குழாய் எல்லாம் கழற்றிக் கழுவி, சிலதை மாற்றி, கார் திரும்பி வர ஒரு மாதம் போனது. "வேணுமெண்டு விட்டது" என்ற சொல் அதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது.

நாங்கள் திரும்பி வந்த அன்று பின்னேரமே ஓட்டோக்காரர் வந்தார். படியில் ஏறவில்லை, முற்றத்தில் நின்றார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"சேர், கேள்விப்பட்டன். நான் கலப்படம் செய்யேல்லை, என்ரை பிள்ளையளாணை. மனிசி கலனை வடிவாக் கழுவேல்லைப்போலை. அடியிலை கிடந்திருக்கும். எங்கடை பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் சாய்மனைக் கதிரையில் இருந்தேன். எழும்பவில்லை. "சரி, சரி. பரவாயில்லைத் தம்பி. இனிக் கவனமா இருங்கோ" என்றேன்.

நான் அவரை மன்னித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அதுதான். மண்ணெண்ணெய் விட்டது முட்டாள்தனம், பாலத்தடியில் சொன்னது கோழைத்தனம். ஆனால் அவருடைய மன்னிப்பை எடுத்துக்கொண்டு, பெரிய மனிதனாகத் தலையாட்டி அனுப்பினேனே, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு கலனின் அடியில் ஒட்டிக் கிடக்கிற எண்ணெய் ஒரு தேக்கரண்டி வருமா? ஒரு தேக்கரண்டி எப்படி இரண்டு போத்தல் ஆகும்? அந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியிருந்தால் அவராவது தன் வீட்டைக் குற்றம் சொல்லாமல் இருந்திருப்பார். முப்பத்தைந்து வருடம் கணக்குப் போட்டுக் காட்டியவன் அந்த ஒன்றைப் போட்டுக் காட்டவில்லை.

பள்ளிக்கூடங்கள் ஒழுங்காகத் தொடங்கியபோது, அந்த ஏழு பிள்ளைகளில் ஒருத்தியின் தகப்பன் என்னிடம் வந்தார். நல்ல மனிதர். "சேர், ஊரிலை பலதும் கதைக்கினம். எனக்கு அவனைப் பிழையா நினைக்க மனமில்லை. நீங்கள் உங்கடை வாயாலை சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் நான் நம்புவன்" என்றார்.

அது இரண்டாவது சந்தர்ப்பம், இல்லை, மூன்றாவது. மனைவி உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், "கராஜிலை மண்ணெண்ணெய் எண்டுதான் சொன்னவங்கள்."

ஒரு சொல்லும் பொய்யில்லை. நீதிமன்றத்தில் வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொல்லலாம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழும்பிப் போனார். அந்தக் கிழமையே மூன்று பிள்ளைகள் வேறு வானுக்கு மாறினார்கள். மாதம் முடிய இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் இரண்டு வீட்டில், ஒரே ஒழுங்கையில் இருந்தன. நான் காலையில் பத்திரிகை எடுக்க வாசலுக்கு வரும்போது, இரண்டு பிள்ளைகளோடு அந்த ஓட்டோ போகும். அவர் கைகாட்டுவார். நானும் காட்டுவேன். பிறகு பத்திரிகை எடுக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டேன், அதாவது அவர் போன பிறகு வாசலுக்கு வரப் பழகினேன்.

அடுத்த தைக்கு அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். ஓட்டோவை விற்றுவிட்டு மயிலிட்டியில் அண்ணனோடு கடலுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். மனைவி, "நல்லது, சொந்தத் தொழிலுக்குப் போயிட்டான்" என்றாள். நான் ஆமென் சொல்லாத குறை.

இரண்டு வருடம் அப்படியே போனது. சொல்லாத பொய் மறந்துபோகும் என்று நினைத்திருந்தேன். அது மறக்கவில்லை, பழகிவிட்டது. போன வருடம் ஒருநாள் நானும் மனைவியும் யாழ்ப்பாண நகரில் ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். கார் வழக்கம்போல எஞ்சினை நிறுத்தியது. முன்னால் ஓர் ஓட்டோ. ஓட்டியது யாரோ. பின்பக்கத்தில் வெயிலில் வெளிறிய ஒரு நீலப் படகு.

"உது அவன்ரை ஓட்டோ எல்லோ" என்றாள் மனைவி. "பாவம். அண்டைக்கு அந்தக் கள்ள வேலை செய்யாமல் இருந்திருந்தால் பிள்ளையளும் இஞ்சையே படிச்சிருக்குங்கள்."

அந்தக் கார் சந்தியில் நின்றால் ஒரு சத்தமும் இருக்காது. எஞ்சின் இரைந்திருந்தால் நான் அந்த முறையும் தப்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். "இஞ்சரும்," என்றேன், "மண்ணெண்ணெய் விட்டது நான்."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நான் ஓட்டினேன். அவள் அந்த ஓட்டோ போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நான் கலியாண வீட்டிலை அத்தனை பேருக்கும் சொன்னது?" என்று கேட்டாள். "சேச்சிலை ஆராதனைக்கு வந்தவைக்கும் சொன்னனான்" என்றாள். ஆனைக்கோட்டையைத் தாண்டியதும், "காரைத் திருப்புங்கோ. மயிலிட்டிக்கு விடுங்கோ" என்றாள்.

அந்த ஏழு வீடுகளுக்கும் பிறகு நானே போய்ச் சொன்னேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் கதவைச் சாத்தாத குறை. என் வாயால் சொல்லச் சொன்ன அந்தத் தகப்பன், "நான் உங்களை நம்பினனான் சேர்" என்று மட்டும் சொன்னார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, கார்ப் பாடம் நடத்திய அதே வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னேன். இவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவையெல்லாம் நான் பட்டது, பட வேண்டியது. என்னால் மறக்க முடியாதது மயிலிட்டி.

கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே, பூசாத கல்வீடு. அவர் வாசலில் படகு எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அதே மண்ணெண்ணெய் மணம். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். வெயிலில் கறுத்து மெலிந்திருந்தார். "சேர்! ரீச்சர்! வாங்கோ, வாங்கோ. இருங்கோ" என்று இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துப் போட்டார். உள்ளே பார்த்து, "இஞ்சை, சேர் ஆக்கள் வந்திருக்கினம், தேத்தண்ணி போடும்" என்றார்.

அவருடைய மனைவியை நான் ஒழுங்கையில் பலமுறை கண்டிருக்கிறேன், ஒருமுறையும் கதைத்ததில்லை. முற்றத்துக் குழாயடியில் குந்தியிருந்து கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவினார். கழுவி, கவிழ்த்து, எடுத்து முகர்ந்து பார்த்தார். திரும்பக் கழுவினார். திரும்ப முகர்ந்தார். மூன்றாம் முறையும் சவுக்காரம் போட்டார்.

நான் பார்ப்பதை ஓட்டோக்காரர் கண்டுவிட்டார். சிரித்தார். "அவவுக்கு அண்டையிலை இருந்து உந்தப் பழக்கம், சேர். எதையும் மூண்டு தரம் கழுவாமல் எடுக்கமாட்டா. அந்தக் கலனை வடிவாக் கழுவேல்லை எண்டு நான் நல்லாப் பேசிப்போட்டன். கலப்படக்காரன் எண்டு சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் போய், என்ரை மனிசியின்ரை கவலையீனம் எண்டுதான் சொன்னனான். வேறை என்னத்தைச் சொல்லுறது?"

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழும்பி நின்றேன்.

"தம்பி, கலனிலை ஒண்டும் இருக்கேல்லை. நீர் தந்தது நல்ல பெற்றோல். ரெண்டு போத்தல் மண்ணெண்ணெய் நான்தான் விட்டனான். எனக்கு அண்டைக்கே தெரியும்."

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த துணியை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். "நான் வந்து கேக்கேக்கை நீங்கள் மன்னிச்சனீங்கள் எல்லோ, சேர்?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஒரு கணக்கு விளங்காத பிள்ளை கேட்பது போலக் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

குழாய் நின்றது. அவருடைய மனைவி ஈரக் கோப்பையோடு எழும்பி நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"அப்ப நான் அதை வடிவாத்தான் கழுவினனான்" என்றார்.

"ஓம் பிள்ளை, வடிவாத்தான் கழுவியிருந்தீர்" என்றேன் நான் அவசரமாக.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதைத் தன் கணவனைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தார்.